சரக்குக்கு ஒரு சீட்டு, மூட்டைக்கு ஒரு சீட்டு



உங்களில் பலர் கணினித் துறையில் இருக்கிறீர்கள். அப்பாச்சி சர்வரின் கையேட்டில் கோப்புகளின் 'என்கோடிங்' பற்றி வரும் பகுதியை வேலைக்காகப் புரட்டியிருப்பீர்கள். அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

மற்றவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஒரு வலைப்பக்கத்தை அனுப்பும்போது சர்வர் அதன்மேல் சீட்டு ஒட்டி அனுப்புகிறது. 'கன்டென்ட்-டைப்' என்ற சீட்டு, உள்ளே இருக்கும் சரக்கு எழுத்தா, படமா என்று சொல்லும். 'கன்டென்ட்-என்கோடிங்' என்ற சீட்டு, அதை எந்த முறையில் சுருக்கி மூட்டை கட்டியிருக்கிறது என்று சொல்லும். இந்த இரண்டாவது சீட்டு விட்டுப்போனால், மூட்டையை அவிழ்க்க வேண்டும் என்பதே பிரவுசருக்குத் தெரியாமல் போகும். திரையில் கிறுக்கல்தான் வரும்.

சுருக்குவது எப்படி? பதிவேட்டில் ஒரே ஊர்ப் பெயர் அடுத்தடுத்து வந்தால் 'மேற்படி' என்று போட்டுவிடுவோம் அல்லவா? ஏறக்குறைய அதுதான். இஸ்ரேலைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஜிவ் இருவரும் 1977-லும் 1978-லும் இதற்கு இரண்டு வழிகளை வெளியிட்டார்கள். இரண்டாவது வழியை 1984-ல் டெர்ரி வெல்ச் மேம்படுத்தினார். யூனிக்ஸில் இருந்த 'கம்ப்ரஸ்' என்ற நிரல் அதைத்தான் பயன்படுத்தியது.

சிக்கல் அங்கேதான். 1985-ல் வெல்ச்சின் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. பிறகு அது யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. எல்லோரும் புழங்கிய முறைக்கு ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

ஜான்-லூ கைய்யி, மார்க் அட்லர் இருவரும் வேறு பாதை தேடினார்கள். 1977-ன் வழியையும், 1952-ல் டேவிட் ஹஃப்மன் சொன்ன முறையையும் சேர்த்த ஒரு சுருக்கத்தை எடுத்துக்கொண்டு, 1992 அக்டோபர் 31 அன்று 'ஜிஜிப்' என்ற நிரலை வெளியிட்டார்கள். யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

1996-ல் வந்த எச்டிடிபி 1.0 குறிப்பில் இதன் பெயர் 'எக்ஸ்-ஜிஜிப்'. முறைப்படி ஏற்கப்படாத பெயர்களுக்கு முன்னால் 'எக்ஸ்' போடுவது அன்றைய வழக்கம். 1997-ல் வந்த 1.1 பதிப்பில் அது வெறும் 'ஜிஜிப்' ஆனது. ஆனால் அப்பாச்சி கையேட்டைப் பாருங்கள்: இரண்டு பெயரும் ஒன்றே, பிரவுசர் எந்தப் பெயரில் கேட்கிறதோ, அந்தப் பெயரிலேயே சர்வர் பதில் தரும். பழைய பெயரில் கேட்டு வந்தவரையும் திருப்பி அனுப்பவில்லை! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வெல்ச் முறையின் காப்புரிமை அமெரிக்காவில் 2003-ல் முடிந்தது. அதற்குள் வலை உலகம் ஜிஜிப்புக்குப் பழகிவிட்டது. குறைந்த டேட்டாவில் நம் பிள்ளைகள் போனில் பாடம் படிப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் கொடையும் இருக்கிறது.

நாளை நீங்களும் ஒரு கையேடு எழுதுவீர்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் மூட்டையை அவிழ்க்கும்படி, சீட்டைத் தெளிவாக எழுதி ஒட்டுங்கள்.