மட்டாஞ்சேரியில் ஒரு காசுப் பொட்டலம்

கொச்சிக்குச் செல்லும் நம்மவர் மட்டாஞ்சேரியைக் காணாமல் திரும்புவது அரிது. போர்த்துகீசியர் 1555-இல் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனையும், 1568-இல் எழுந்த யூதர் ஆலயமும் அங்கே அருகருகே நிற்கின்றன. அவற்றை அடுத்த யூதர் தெருவில், முன்னாளில் மிளகும் சுக்கும் குவிந்து கிடந்த கட்டடங்கள் பலவற்றில் இன்று பழம்பொருட் கடைகள் உள்ளன.

அங்கே ஒரு கடையில் பழங்காசுகள் கொண்ட மூடிய பொட்டலம் ஒன்றை வாங்கினோம். உள்ளிருப்பது இன்னதென்று வாங்குமுன் பார்த்தல் கூடாது. எப்பொட்டலமாயினும் விலை ஒன்றே. ‘டச்சுக்காரர் காசும் இருக்கலாம், அரசர் காசும் இருக்கலாம்’ என்ற சொல் நம்மை ஈர்த்தது. அவிழ்த்துப் பார்த்தோம். ஓட்டைக் காலணாக்கள் சில. பனை பொறித்த இலங்கைச் செப்புக் காசுகள் இரண்டு. இராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற ஆண்டும் தாங்கிய பெரிய காசு ஒன்று. சுண்டுவிரல் நகத்தளவே உள்ள வெள்ளித் துண்டு ஒன்று.

பெரிய காசைக் கண்டு முதலில் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் இருந்தது. சென்னையில் கம்பெனியார் தெய்வ உருவம் பொறித்த வராகன்களை அடித்தது உண்மையே. ஆயினும் பட்டாபிஷேகக் காட்சியோடு ‘அணா’ என்று ஆங்கிலத்தில் எழுதிய 1818-ஆம் ஆண்டுக் காசு எதனையும் அவர்கள் வெளியிட்டதில்லை. பிற்காலத்தார் செய்து உலவவிட்ட போலி அது. இத்தகைய காசுகள் இலட்சக்கணக்கில் விலை போகும் என்று நம்பி ஏமாந்தோர் பலர். பழங்காசு விற்பனையின் பெயரால் நடக்கும் மோசடிகள் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் பொதுமக்களை எச்சரித்தது.

வெள்ளித் துண்டோ உண்மையானது. சங்கு முத்திரை கொண்ட அது, கொச்சி அரசின் ‘புத்தன்’ என்னும் நாணயம். புதியது என்பதே அப்பெயரின் பொருள். ஏறக்குறைய 20 புத்தன் கொண்டது ஒரு ரூபாய். தெற்கே திருவிதாங்கூரிலோ 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். உருண்டு ஓடும் அச்சிறு சக்கரங்களை எண்ணுவதற்குக் குழிகள் இட்ட மரப்பலகையே வைத்திருந்தனர். இவற்றோடு, 1663 முதல் 1795 வரை கொச்சிக் கோட்டையை ஆண்ட டச்சுக் கம்பெனியின் முத்திரைக் காசுகளும் சேர்ந்தால், மட்டாஞ்சேரி அங்காடியில் ஒரு நாள் வணிகம் எத்துணைக் கணக்குக்கு உரியது என்பது விளங்கும்.

இக்கணக்கை அறிந்தவரைப் பண்டைத் தமிழகம் ‘வண்ணக்கன்’ என்று அழைத்தது. காசின் மாற்றை நோக்கித் தரம் கூறுபவர் அவர். சங்கப் புலவர் வடம வண்ணக்கன் பேரிசாத்தனாரின் பெயரிலேயே அத்தொழில் நிற்கிறது. பார்த்துத் தேர்வதே வண்ணக்கன் தொழில். பாராமல் வாங்குவதே பொட்டலத்தின் கவர்ச்சி. நல்ல காசு இன்னதென்று அறிந்த வணிகர் அதைத் தனியே வைத்து நல்ல விலைக்கு விற்பாரேயன்றிப் பொட்டலத்துள் இடுவாரோ? புத்தன் அத்துணை அரியதன்று. ஆதலாலேயே நம் கைக்கு வந்தது போலும்.

இழந்த பணம் சிறிது. பெரிய இழப்பு வேறொன்று உண்டு. அப்புத்தன் எந்த வீட்டுப் பெட்டியில் இருந்தது, எந்த நிலத்தில் கிடைத்தது என்று கேட்டோம், கடைக்காரருக்குத் தெரியவில்லை. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளிவெட்டு இருந்தது. ஒருங்கே கிடைத்தமையால், தேய்ந்த காசுகள் மீண்டும் நாணயமாக வழங்காதபடி வெட்டப்பட்டன போலும் என்று அறிஞர் கருத முடிந்தது. அவையே பொட்டலம் பொட்டலமாய்ப் பிரிந்திருந்தால், ஒவ்வொன்றும் பழுதான காசாகவே தோன்றியிருக்கும். குன்னங்குளத்தை அடுத்த எய்யாலில் 1945-இல் கிடைத்த புதையலில் ரோமானியக் காசுகளும் நம் நாட்டு முத்திரைக் காசுகளும் கலந்திருந்தன. அவை ஓரிடத்தில் சேர்ந்திருந்ததே ஒரு வரலாற்றுச் செய்தி. மண்ணில் கிடைக்கும் புதையலை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததன் பயனும் இதனால் தெளிவாகும்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளில், பாட்டியின் சுருக்குப் பையிலோ பூசை அறைச் செம்பிலோ பழங்காசுகள் சில இருக்கக்கூடும். அவற்றை எடைபோட்டு விற்குமுன், யார் எந்த ஊரிலிருந்து எப்போது கொண்டுவந்தார் என்று பெரியவர்களைக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் காசுடன் வைத்தல் வேண்டும். நாமும் நம் புத்தனுடன், ‘மட்டாஞ்சேரிக் கடையில் வாங்கியது, முன்வரலாறு தெரியவில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறோம்.