நொண்டுவதற்கு முன்பே கால் சொல்லும்

(வானொலி பண்ணை ஒலிபரப்பில் பேசியது)



சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறீர்கள். பல்லைப் பார்க்கிறீர்கள், சுழி பார்க்கிறீர்கள், மடியைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். அதோடு விட்டுவிடுவதில்லை. "கொஞ்சம் நடக்க விடுப்பா" என்று தரகரிடம் சொல்கிறீர்கள். நடையைப் பார்க்காமல் யாரும் அச்சாரம் கொடுப்பதில்லை. கால் போனால் மாடு போச்சு என்பது நமக்குத் தெரியும்.

சரி, வாங்கி வந்து கொட்டகையில் கட்டிய பிறகு? அந்த நடையை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்கிறோம்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார்கள். "சார், கலப்பின மாடு. பால் குறைஞ்சுகிட்டே வருது. என்னன்னு தெரியல" என்றார்கள். நான் தீவனத்தைப் பற்றித்தான் கேட்டேன். அடர்தீவனத்தைக் கூட்டச் சொன்னேன், தாது உப்புக் கலவை கொடுக்கச் சொன்னேன். மாட்டை அவிழ்த்து நடக்கவிட்டுப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த மாடு பின்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றது. குளம்புக்குள் புண். வைத்தியம் பார்த்தும் சரிப்படவில்லை. வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். பால் குறைந்த அன்றைக்கே கால் வலித்திருக்க வேண்டும். மாடு வாய்விட்டுச் சொல்லாது. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஓடுகிற மனிதன் காலிலும் மிருகத்தின் காலிலும் கருவியைக் கட்டி, உள்ளே இருக்கும் தசையும் தசைநாணும் என்ன பாடுபடுகின்றன என்று அறிய முயன்ற கதை ஏறக்குறைய 150 ஆண்டுக் கதை. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

தசைநாண் என்றால் என்ன? தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறு. குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்துப் பாருங்கள், விறைப்பாகக் கயிறு மாதிரி தட்டுப்படும். நம் ஊரில் அதையும் 'நரம்பு' என்றுதான் சொல்கிறோம். தசை இழுக்கிறது, தசைநாண் அந்த இழுப்பை எலும்புக்குக் கொண்டு போகிறது. கமலையில் மாடு இழுக்க, வடக்கயிறு சாலைத் தூக்கியது போலத்தான்.

முதலில் காலுக்குக் கருவி மாட்டியவர்களில் முக்கியமானவர் பிரான்ஸ் நாட்டு எத்தியென் ஜூல் மாரே. குதிரையின் நான்கு குளம்புகளுக்கும் அடியில் காற்றடைத்த ரப்பர் அறைகளைப் பொருத்தினார். அவற்றிலிருந்து ரப்பர் குழாய்கள், குதிரைமேல் இருப்பவரின் கையில் இருந்த பதிவுக் கருவிக்குப் போயின. குளம்பு தரையில் அழுந்தும்போது காற்று தள்ளும், முள் அசையும், தாளில் கோடு விழும். நான்கு காலுக்கும் தனித்தனிக் கோடு. ஓடுகிற மனிதனுக்கும் இதே மாதிரி ஒரு காலணி செய்தார். இதையெல்லாம் 1873இல் ஒரு நூலாக வெளியிட்டார். மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. ஆனாலும் உடம்பில் மாட்டிக்கொண்டே ஓடக்கூடிய கருவி அது.

அந்தக் காலத்தில் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. குதிரை ஓடும்போது நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டுக் கிளம்புகிறதா, இல்லையா? தலைமுறை தலைமுறையாகக் குதிரையோடு வாழ்ந்தவர்களால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கிளம்புகிறது என்று மாரேயின் கோடுகள் சொல்லின. 1878 ஜூன் மாதம் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓட்டப் பாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். ஓடி வந்த பெண் குதிரையின் கால் பட்டு நூல்கள் அறுபட, ஒவ்வொரு கேமராவும் படம் எடுத்தது. நான்கு காலும் காற்றில் இருந்தது படத்தில் தெரிந்தது. நம் கண் எவ்வளவு மெதுவானது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

தசைக்குள் மின்சாரம் இருக்கிறது என்பது இதற்கும் முந்தைய செய்தி. இத்தாலியில் கால்வானி என்பவர் செத்த தவளையின் காலை மின்சாரத்தால் துடிக்கவைத்து, 1791இல் அதைப் பற்றி எழுதினார். 1849 வாக்கில் பெர்லினில் துபுவா ரேமோன் என்பவர், மனிதன் கையை இறுக்கும்போது தசையிலிருந்து வரும் மின்னோட்டத்தைக் கருவியில் காட்டினார். தோல் தடுக்கிறது என்பதற்காகக் கொப்புளம் உண்டாக்கி, அந்த இடத்துத் தோலையே எடுத்துவிட்டாராம்! இன்றைக்கு ஓட்டக்காரரின் தொடையில் ஒரு சிறு வில்லையை ஒட்டி எடுக்கிற அளவுக்கு அன்று கொடுத்த விலை அது.

மின்னணுக் கருவி உடம்பில் ஏறியது 1940களில். அமெரிக்காவின் மான்டானாவில் நார்மன் ஹோல்டர் என்பவர் இதயத் துடிப்பை வானொலி அலையாக அனுப்பும் கருவி செய்தார். இதயமும் தசைதானே. முதுகில் சுமக்க வேண்டிய அந்தக் கருவியின் எடை சுமார் 38 கிலோ. அரை மூட்டை நெல்லைச் சுமந்துகொண்டு சைக்கிள் மிதிக்கிற கதை. அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது, அதன் பிறகு சில்லு வந்தது. முதுகுச் சுமை தீப்பெட்டி அளவாகச் சுருங்கியது.

இனி மாட்டுக்கு வருவோம். மாட்டின் காலில் நடைமானியைக் கட்டியவர்கள் முதலில் தேடியது நோயை அல்ல, சினைப் பருவத்தை. 1977இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கிட்டி என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பருவத்துக்கு வந்த மாடு மற்ற நாளைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகமாக நடக்கிறது என்று காட்டினார். கத்தாமல் ஊமையாகப் பருவத்துக்கு வந்து போகும் மாட்டையும் அடிக்கணக்கு காட்டிக்கொடுக்கும். பிறகு இஸ்ரேல் நாட்டுப் பண்ணைகளில் இது கம்ப்யூட்டரோடு இணைந்தது. அப்போது இன்னொன்றும் தெரிந்தது. அடி கூடினால் பருவம், சரி. அடி குறைந்தால்? 2006இல் வெளியான ஓர் ஆய்வு, நொண்டப் போகும் மாடுகள் பலவற்றில், கண்ணுக்கு நொண்டல் தெரிவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே அடிக்கணக்கு இறங்கிவிடுகிறது என்று சொன்னது.

ஏன் மாடு வலியை மறைக்கிறது? புலிக்கு இரையாகும் சாதி அது. கூட்டத்தில் நொண்டுவதுதான் முதலில் அடிபடும். வலியைக் காட்டாதது பிழைத்தது. காட்டில் அதைக் காப்பாற்றிய குணம், கொட்டகையில் அதற்கே எமனாகிறது.

வெளியே தெரியும் நடை ஒரு பக்கம். உள்ளே கயிறு எவ்வளவு இழுபடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1980களில் பின்லாந்தின் பாவோ கோமி, மனிதனின் குதிகால் தசைநாணைச் சுற்றி ஒரு கொக்கி போன்ற அளவுமானியை அறுவை செய்தே பொருத்தினார். ஓடும்போது அந்தக் கயிற்றில் விழுந்த இழுவை 9,000 நியூட்டன் வரை போனது. நம் கணக்கில், 75 கிலோ நெல் மூட்டை 12ஐ ஒரே கயிற்றில் தொங்கவிட்டதற்குச் சமம். 1989இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பந்தயக் குதிரையின் முன்னங்கால் தசைநாணை அளந்தார்கள். பாய்ச்சலில் அது 16 சதவீதம் வரை நீள்கிறது. அறுந்துபோகும் எல்லைக்கு ரொம்பப் பக்கம் அது. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அறுந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும், ஆறினாலும் தழும்பாகத்தான் ஆறும்.

தாமதமாகப் பார்த்ததற்கு மிருகம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். கால் வீங்கிய பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைப்பது நம் ஊரில் மட்டும் இருந்த பழக்கம் அல்ல. ஐரோப்பாவில் பந்தயக் குதிரைகளுக்கும் அதையே செய்தார்கள். 1983இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு, சூட்டினால் தசைநாண் ஆறுவதில் ஒரு நன்மையும் இல்லை என்று காட்டியது. வலிக்கிற காலுக்கு மேலும் ஒரு வலி, அவ்வளவுதான்.

அனுபவப்பட்ட கண்ணே போதாதா என்று கேட்பீர்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தின் கெவின் கீகன் குழுவினர் 131 குதிரைகளைத் தேர்ந்த மருத்துவர்களிடம் காட்டினார்கள். நொண்டல் நன்றாகத் தெரிந்தபோது, ஒரு கால் நொண்டுகிறதா இல்லையா என்பதில் அவர்கள் 93 சதவீதம் ஒத்துப்போனார்கள். லேசாக இருந்தபோது 62 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டினாலே 50 வருமே! கீகன் குழு ஏற்கெனவே ஒரு கருவியும் செய்திருந்தது. தலையில் ஒன்று, இடுப்பின் மேல் ஒன்று, வலது முன்னங்காலில் ஒன்று என மூன்று சிறிய அசைவுமானிகள். வினாடிக்கு 200 தடவை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும்.

2018இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அறுவையே இல்லாமல் இழுவையை அளக்க வழி கண்டார்கள். தோலுக்கு மேலே ஒரு சிறு கருவி தசைநாணை வினாடிக்கு 50 தடவை மெல்லத் தட்டும். தட்டிய அதிர்வு கயிற்றில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று இரண்டு அசைவுமானிகள் பார்க்கும். கயிறு முறுக்கேற ஏற அதிர்வு வேகமாகப் போகும். வீணைத் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுகிறதே, அதே தத்துவம். கோமி கத்தி வைத்த இடத்தில் இப்போது ஒரு பட்டை போதும்.

இதெல்லாம் எதற்கு? மைபிரிட்ஜ் படம் எடுத்த அதே கலிபோர்னியாவில், சான்டா அனிடா பந்தய மைதானத்தில், 2018 டிசம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூன் வரை 30 குதிரைகள் செத்தன. பரிசோதித்துப் பார்த்தபோது, கால் ஒடிந்த குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒடிந்த இடத்திலேயே பழைய சேதம் இருந்தது. திடீரென்று நடந்த விபத்து என்று எல்லோரும் நினைத்தது, உள்ளுக்குள் பல நாளாக நடந்துவந்த சங்கதி. அதன் பிறகு, சேணத்துக்கு அடியில் போடும் துணியில் அசைவுமானியை வைத்து, ஓட்டம் முடிந்ததும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும் முறைகளை அங்கே சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். சிவப்பு வந்தால் கால் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. 'இந்தக் குதிரையை ஒருவர் தொட்டுப் பாருங்கள்' என்று அர்த்தம். தொட்டுப் பார்க்க ஆள் இல்லையென்றால் விளக்கு எரிந்து என்ன பயன்?

பால் மாட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய இரண்டு கணக்கு இருக்கிறது. இரண்டும் இங்கிலாந்துக் கணக்கு. 2002இல் வந்த ஆய்வு: நொண்டிய மாடு ஒரு கறவைக் காலத்தில் சுமார் 360 கிலோ பால் இழக்கிறது. அந்த இழப்பு நொண்டல் கண்டுபிடிக்கப்படுவதற்கு நான்கு மாதம் முன்பிருந்தே தொடங்குகிறது. 2003இல் வந்த ஆய்வு: தங்கள் பண்ணையில் நூற்றுக்கு 6 மாடு நொண்டுவதாக விவசாயிகள் நினைத்தார்கள். போய் எண்ணிப் பார்த்தால் 22. அவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. தினமும் பார்ப்பது கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அந்த அம்மாவுக்கும் எனக்கும் நேர்ந்தது இதுதான்.

உடனே கருவி வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் அந்தக் கருவிகள் எதைப் பார்க்கின்றனவோ, அதில் பாதியை நாமே பார்க்கலாம். வாரம் ஒருமுறை, சமமான கெட்டித் தரையில் மாட்டை இருபது அடி நடக்க விடுங்கள். பக்கவாட்டில் நின்று முதுகுக் கோட்டைப் பாருங்கள். நிற்கும்போது நேராக இருந்து, நடக்கும்போது வில்லாக வளைந்தால் அது முதல் அறிகுறி. நிற்கும்போதே வளைந்திருந்தால் தாமதித்துவிட்டோம். தலையைப் பாருங்கள். வலிக்கிற முன்னங்கால் ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். படுத்த மாடு எழத் தயங்குகிறதா, நிற்கும்போது ஒரு காலை மாற்றி மாற்றி வைக்கிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குளம்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சூடு வேண்டாம். சிமெண்ட் தரையில் சாணி மூத்திரம் தேங்காமல், காய்ந்த இடத்தில் மாடு படுக்கட்டும்.

அடுத்த தடவை பால் குறைந்தால் தீவனத் தொட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் கயிற்றை அவிழ்த்து மாட்டை நடக்க விடுங்கள். யாராவது அதிகாரி வந்து தீவனத்தைக் கூட்டச் சொன்னால், "முதல்ல நடையைப் பாருங்க சார்" என்று நீங்களே சொல்லுங்கள். அன்றைக்கு என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அந்த மாடு இன்னும் இரண்டு ஈற்றாவது கண்டிருக்கும்.