ஒரு பவுன் சம்பளம்

கம்ப்யூட்டரில் படம் போடுறவனுக்கு மாசம் எவ்வளவு கொடுப்பாங்க? எங்க பெருங்களத்தூர் பக்கத்தில் இதை மூன்று பேர் கேட்பார்கள். பொண்ணு வீட்டுக்காரர், பேங்க்காரர், வீட்டு ஓனர். பதிலைக் கேட்டதும் மூன்று முகமும் ஒரே மாதிரி சுருங்கும்.

ப்ரோக்ராம் எழுதுகிறவனும் இவனைப் போலத்தான். அதே ஏ.சி., அதே சுழல் நாற்காலி, அதே கண்வலி. ஆனால் பெரிய கம்பெனியில் சேரும் இன்ஜினியரிங் பையனுக்கு ஆரம்பமே இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். பெயிண்டிங், ரோட்டோ, மாடலிங் என்று ஸ்டூடியோவில் சேருகிறவனுக்குப் பதினைந்து கிடைத்தால் பெரிசு. "ஆர்ட்டுன்னா அப்படித்தான்ப்பா" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. இதுக்கு ஒரு சரித்திரம் இருக்கு, அதுவும் நம்ம சென்னையிலேயே இருக்கு. எனக்குத் தெரிந்தவரை கோர்த்துப் பார்க்கிறேன்.

எழும்பூரில் இருக்கும் ஓவியக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தது. மேதைகளை உருவாக்க ஆரம்பித்ததில்லை. கைத்தொழில் கற்றுக்கொடுத்து, பிழைப்புக்கு ஒரு வழி செய்ய வந்த பள்ளி அது. நூறு வருஷம் கழித்து, தேவி பிரசாத் ராய் சௌத்ரி காலத்தில் அது நிஜமாகவே ஓவியர்களை உருவாக்கியது. மெரீனாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். உழைப்பாளிக்குச் சிலை வடித்தவரிடம் படித்த பிள்ளைகளுக்குப் படிப்பு முடிந்ததும் உழைக்க இடமில்லை. படம் வாங்க ஆள் கிடையாது, காலரி கிடையாது. நெசவாளர் சேவை மையத்தில் புடவை டிசைன் போடும் வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆதிமூலம் மாதிரியான ஆளே அங்கே உத்தியோகம் பார்த்தவர்தான்.

ராய் சௌத்ரிக்கு அப்புறம் 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் இதை வேறு விதமாக யோசித்தார். ஓவியன் ஓவியத்தால் பிழைக்க முடியாது, சரி. கையில் இருக்கிற வேறு வித்தையால் பிழைத்துக்கொண்டு, மீதி நேரத்தில் வரையலாமே? சேர்ந்து பாத்திக் துணி போட்டு விற்றார்கள், கைவினைப் பொருள் செய்தார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி, 1966-இல் முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் சேர்ந்து அமைத்ததுதான் சோழமண்டலம். இன்றைக்கு அந்தப் பக்கம் கிரவுண்டு என்ன விலை என்று யாரும் கேட்டுவிடாதீர்கள், நெஞ்சு வலிக்கும். அன்றைக்கு வெறும் மணலும் சவுக்கும்.

சோழமண்டலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் அழகியலைப் பற்றித்தான் எழுதுவார்கள். எனக்கு அதில் தெரிவது ஒரு வாடகைக் கணக்கு. நகரத்துக்குள் வாடகை கொடுத்துக்கொண்டு ஓவியனாக இருக்க முடியாது என்று அன்றே புரிந்துபோய், விளிம்புக்குப் போனார்கள். விளிம்பில் நிலம் சல்லிசாகக் கிடைத்ததால் அது சாத்தியமாயிற்று.

நகரத்துக்குள்ளேயே ஓவியத்தால் சாப்பிட்ட ஒரு கூட்டம் பேனர் ஆர்ட்டிஸ்ட்டுகள். மவுண்ட் ரோடு ஹோர்டிங்குகளும் எண்பதடி கட்அவுட்டுகளும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1990களின் கடைசியில் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் வந்தது, சில வருஷங்களில் அந்தத் தொழில் அடங்கிவிட்டது. சாரமேறிய பத்து பேர் வேலையைக் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பையன் பார்த்தான். கோரல்ட்ராவும் போட்டோஷாப்பும் தெரிந்த அந்த டி.டி.பி. பையன்தான் எங்க ஜி.எஸ்.டி. ரோட்டின் முதல் டிஜிட்டல் ஆர்ட்டிஸ்ட். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள். பத்து பேர் சம்பளம் அவனிடம் வந்ததா என்றால் இல்லை. மெஷினுக்கும் ஃப்ளெக்ஸ் ரோலுக்கும் போனது.

இந்தச் சமயத்தில்தான் பெரிய கனவு வந்தது. பென்டாஃபோர் என்று சென்னையில் ஒரு கம்பெனி, பிற்பாடு பென்டாமீடியா கிராஃபிக்ஸ். 2000-இல் 'பாண்டவாஸ்' என்று முழு நீள 3டி அனிமேஷன் படம், அதே வருஷம் 'சிந்துபாத்'. மோஷன் கேப்சரை முழுக்க நம்பி எடுத்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று அது. அப்பா அம்மாக்கள் நம்பினார்கள். ஆப்டெக்காரர்கள் 1996-லேயே அரீனா மல்டிமீடியா ஆரம்பித்திருந்தார்கள், ஊருக்கு ஒரு கிளை வந்தது. "அடுத்த ஐ.டி. இதுதான்" என்று போர்டு வைக்காத குறை.

அடுத்த ஐ.டி. ஆகவில்லை. கேத்தன் பரேக் கூட்டத்தின் 'கே-10' பங்குகளில் பென்டாமீடியாவும் ஒன்று. 2001 மார்ச்சில் அந்த ஆட்டம் கலைந்தபோது ஆயிரம் ரூபாய்க்கு மேல் போன பங்கு கவிழ்ந்தது. பங்கு கதை எல்லாருக்கும் தெரியும். அதில் படம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கதையை யாரும் எழுதுவதில்லை.

என் நண்பன் ஒருத்தன் 2001-இல் வடபழனிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவில் (பேர் வேண்டாம்) அனிமேட்டராகச் சேர்ந்தான். சம்பளம் மூவாயிரத்து ஐந்நூறு. எங்க ஊரில் தனி போர்ஷன் வாடகை ஆயிரத்து ஐந்நூறு. மீட்டர் கேஜ் எலக்ட்ரிக் டிரெயின் ஓடிக்கொண்டிருந்த காலம், சீசன் டிக்கெட்டுக்கு நூறு ரூபாய் கூட ஆகவில்லை. கஷ்டம்தான், ஆனால் அவன் அம்மா ஒரு கணக்கு சொல்வார்: "மாசம் ஒரு பவுன் சம்பாதிக்கிறான்." உண்மைதான். அப்போது பவுன் மூவாயிரத்துச் சொச்சம்.

அதே கணக்கை இன்றைக்குப் போட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரலில் பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டியது, அதற்கப்புறம் எங்கேயோ போய்விட்டது. அந்த ஏப்ரல் விலைக்கே பதினைந்தாயிரத்தில் ரெண்டு கிராம் வராது. தங்கம் வேறு, விலைவாசி வேறு என்று பொருளாதாரம் படித்தவர்கள் சண்டைக்கு வருவீர்கள். வாங்க. ஆனால் நம்ம வீடுகளில் ஒருத்தன் குடும்பம் நடத்துவானா என்பதை இன்னமும் இந்தத் தராசில்தான் நிறுக்கிறார்கள் :-)

ஏன் ஏறவில்லை? இதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

சாஃப்ட்வேர் கம்பெனி பெரும்பாலும் ஆளைக் கணக்குப் பண்ணி விற்றுத்தான் வளர்ந்தது. இத்தனை பேர், இத்தனை மணி நேரம், மணிக்கு இத்தனை டாலர். வேலை இழுத்தால் பில்லும் இழுக்கும். வி.எஃப்.எக்ஸ். அப்படி இல்லை. படத்துக்கு இத்தனை ஷாட், மொத்தம் இவ்வளவு என்று முன்னாடியே தொகை பேசிவிடுவார்கள். டைரக்டர் புலியின் காதை இருபது தடவை மாற்றச் சொன்னாலும் தொகை பெரிதாக மாறாது. ஒரு ஷாட்டை இத்தனை 'மேன்-டே'யில் முடிக்கணும் என்று சீட்டு எழுதி வைத்திருப்பார்கள். முடியாவிட்டால் மீதியை யார் தருவது? ராத்திரி உட்கார்ந்து பையன்தான் தரவேண்டும். அதாவது கிளையன்ட்டின் மனசு மாறுவதற்கான செலவு, ஓவர்டைம் இல்லாத ராத்திரியாக மாறி ஜூனியர் தலையில் விழுகிறது.

புலி என்று சொன்னது சும்மா இல்லை. 'லைஃப் ஆஃப் பை' 2012-இல் வந்தது. நம்ம பாண்டிச்சேரிப் பையன் கதை, படகில் அவனோடு வரும் புலி பெரும்பாலும் கம்ப்யூட்டரில் செய்தது. செய்த கம்பெனி ரிதம் அண்ட் ஹியூஸ். அவர்களுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் ஸ்டூடியோ இருந்தது, இங்கத்திய பிள்ளைகள் கையும் அந்தப் படத்தில் உண்டு. உலகம் பூராவும் அறுநூறு மில்லியன் டாலருக்கு மேல் வசூல். 2013 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. 24-ஆம் தேதி அதே புலிக்கு ஆஸ்கார் கிடைத்தது. மேடையில் ஏறியவர் கம்பெனியின் நிலைமையைச் சொல்ல ஆரம்பித்தபோது 'ஜாஸ்' படத்து இசையைப் போட்டு இறக்கிவிட்டார்கள். வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் போராட்டத்தில் நின்றார்கள்.

லண்டன் வரிச்சலுகை கொடுத்தால் வேலை லண்டனுக்கு, கனடா கொடுத்தால் வான்கூவருக்கு. மலிவான பகுதிகள், அதாவது ஒவ்வொரு ஃபிரேமாக உருவத்தை வெட்டி எடுக்கும் ரோட்டோ, கம்பி கயிறுகளை அழிக்கும் பெயிண்ட், நம்ம நாட்டுக்கு. ஆரம்பநிலை வேலை என்றால் இங்கே பெரும்பாலும் இதுதான். இதைச் செய்ய மூணு மாசப் பயிற்சி போதும், வாசலில் அடுத்தவன் தயாராக நிற்கிறான். அப்புறம் எப்படிச் சம்பளம் ஏறும்?

இப்போது எங்க வீட்டு மாடிக்கு வருவோம். மாடி போர்ஷனில் மூன்று பையன்கள். தென்காசி, விருத்தாசலம், திண்டிவனம். மூவரும் சாலிகிராமம், வடபழனி வட்டாரத்து ஸ்டூடியோக்களில். தென்காசித் தம்பி ஒரு நாள் பேப்பரில் எழுதிக் காட்டினான். சம்பளம் 15,000. வாடகையில் பங்கு 3,500. சாப்பாடு 5,500. கோர்ஸுக்கு வாங்கிய கடன் தவணை 3,200. ரயில், ஷேர் ஆட்டோ, பஸ் 1,200. கரண்ட், தண்ணி கேன், போன் 900. மீதி எழுநூறு. இதில் காய்ச்சல் வரக்கூடாது, செருப்பு அறுந்துபோகக்கூடாது, தீபாவளிக்கு ஊருக்குப் போகக்கூடாது.

வாடகை வாங்குகிற நான் இதை எழுதுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கும் இ.எம்.ஐ. இருக்குங்க. அட்வான்ஸ் விஷயம் மட்டும் சொல்கிறேன். 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது. எங்க தெருவில் இன்னமும் வாய் கூசாமல் பத்து மாசம் கேட்கிறார்கள். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் முடிச்சூர் பக்கம் மாடி வீடு என்றால் அதற்குத் தனி ரேட் வேறு.

இந்தக் கணக்கில் தாங்கிப் பிடிக்கிற ஒரே தூண் எலக்ட்ரிக் டிரெயின். கடற்கரை - தாம்பரம் தடத்தில் 1931-இல் ஆரம்பித்தது. இன்றைக்கும் எங்க ஸ்டேஷனிலிருந்து கோடம்பாக்கத்துக்கு மாச சீசன் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சோழமண்டலத்துக்காரர்களுக்கு விளிம்பில் நிலம் கிடைத்தது என்றால், இவர்களுக்குக் கிடைத்திருக்கும் விளிம்பு இந்தச் சீசன் டிக்கெட்தான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். டெலிவரி ராத்திரிகளில் கடைசி வண்டி போய்விடும். ஆட்டோவுக்குக் கொடுத்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. மேஜைக்கு அடியில் படுத்து, விடியற்காலை முதல் வண்டியில் வருவார்கள். நான் பால் வாங்கப் போகும்போது அவர்கள் படியேறுவார்கள்.

2024 ஆகஸ்டில் காக்னிசன்ட், இன்ஜினியரிங் அல்லாத பட்டதாரிகளுக்கு வருஷம் 2.52 லட்சம் என்றபோது ஊரே சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? எங்க தாம்பரம் மெப்ஸில் அவர்களுக்கு ஆபீஸ் இருக்கிறது. மாசம் 21,000. மாடிப் பையன்கள் அந்த மீம்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "அண்ணே, அது ரயில்ல ரெண்டே ஸ்டேஷன்" என்றான் விருத்தாசலத்துக்காரன். சீக்கிரமே கழன்று ஒரு கால் சென்டரில் சேர்ந்துவிட்டான்.

படிப்பைக் கல்லூரி விற்கிறது, ஷாட்டை ஸ்டூடியோ விற்கிறது. ஆரம்ப மூன்று நான்கு வருஷம் அந்த ஷாட்டைச் செய்பவனுக்குச் சோறு போடுவது ஸ்டூடியோ இல்லை. அவன் அப்பா. 1966-இல் பாத்திக் துணி செய்த வேலையை இப்போது குடும்பம் செய்கிறது. மத்திய அரசு 2022 பட்ஜெட்டில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் துறைக்குத் தனிக் குழு என்று அறிவித்தது. நல்லதுதான். ஆனால் இந்த மூன்று நான்கு வருஷத்தை யார் கட்டுவது என்பதற்குப் பதில் வராமல் இன்னும் ஆயிரம் பேரைப் பயிற்சி கொடுத்து அனுப்பினால், வாசலில் நிற்கும் வரிசைதான் நீளும்.

வரிசை ஏற்கனவே நீண்டுவிட்டது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் விழுந்தது. பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள். பத்து வருஷ அனுபவக்காரர்கள் இங்கே பயோடேட்டாவோடு வருகிறார்கள் என்று திண்டிவனத்துத் தம்பி சொல்கிறான். ரோட்டோ வேலையை ஏ.ஐ. தின்ன ஆரம்பித்தது தனிக் கதை.

தென்காசித் தம்பி பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அங்கே ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர், சம்பளம் பன்னிரண்டாயிரம், வீட்டுச் சாப்பாடு. கையில் மிஞ்சுவது இங்கே மிஞ்சியதைவிடப் பத்து மடங்கு என்று போனில் சொன்னான். அவன் டீமில் சேர்ந்த ஆறு பேரில் இன்னும் ஸ்டூடியோவில் இருப்பது ரெண்டே பேர். ஒருத்தனுக்குக் குரோம்பேட்டையில் சொந்த வீடு, இன்னொருத்தனுக்கு முடிச்சூரில்.