ரொக்காசெக்கா கோட்டையில் ஒரு மாணவர்

புனித தாமஸ் அக்குவினாரை நூலும் எழுதுகோலும் ஏந்திய பேரறிஞராகவே நாம் கண்டு பழகியிருக்கிறோம். 1880-ஆம் ஆண்டு திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் அவரைக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். ஆனால் இந்தப் பாதுகாவலரே தம் மாணவப் பருவத்தில் வீட்டாரோடு முரண்பட்டுச் சொந்தக் கோட்டையில் அடைபட்டுக் கிடந்தவர் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. வீட்டாரின் ஆதரவை இழந்து கல்வி பயிலும் இளைஞர்களைப் பற்றி எண்ணும்போது அந்த வரலாறு நமக்குப் பெரிதும் உதவும்.

உரோமைக்கும் நேப்பிள்சுக்கும் இடையிலுள்ள ரொக்காசெக்கா கோட்டையில் ஏறத்தாழ 1225-இல் தாமஸ் பிறந்தார். பிரபுக் குடும்பம், ஆண்மக்களில் கடைசிப் பிள்ளை. ஐந்து வயதிலேயே அவரை அருகிலிருந்த மோன்தே கசீனோ மடத்தில், புனித ஆசீர்வாதப்பரின் துறவியரிடம் ஒப்படைத்தனர். என்றாவது ஒரு நாள் அவர் அந்தச் செல்வாக்கு மிக்க மடத்தின் தலைவராவார் என்பது பெற்றோரின் கனவு. 1239-இல் பேரரசர் இரண்டாம் பிரடெரிக்குக்கும் திருத்தந்தைக்கும் மூண்ட பூசலால் மடத்துக் கல்வி தடைப்பட்டது. தாமஸ் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அது 1224-இல் அதே பேரரசர் நிறுவிய கல்விக்கூடம்.

அந்நகரில்தான் புனித சாமிநாதரின் சபைத் துறவியரை அவர் சந்தித்தார். அவர்கள் நிலபுலன் இல்லாதவர்கள். பிச்சையேற்று உண்டு, படித்து, போதித்தவர்கள். 1244-இல் தாமஸ் அவர்களுடைய உடையை அணிந்தார். பிரபு வீட்டுப் பிள்ளை பிச்சைப் பாத்திரம் ஏந்துவதா என்று குடும்பம் கொதித்தது. தாய் தியோடோரா மகனைத் தேடிப் புறப்பட்டார். சபையார் அவரை வடக்கே அனுப்பி வைத்தபோது, உடன்பிறந்தவரே வழியில் அக்குவாபெந்தெந்தே ஊரருகே மறித்துப் பிடித்துக்கொண்டு போனார். ஏறத்தாழ ஓராண்டு அவர் குடும்பத்தின் காவலில் இருந்தார்.

தியோடோராவைக் கொடிய தாய் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவருடைய செயலுக்கு அடியில் இருந்தது வெறுப்பன்று; மகனுக்கென்று தாம் கட்டி வைத்த எதிர்காலம் இடிவதைப் பொறுக்க இயலாத பாசம். குடும்ப மானமும் பாசமும் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும்போது பெற்ற வீடே சிறையாகிவிடுகிறது. பாடத்தைத் தேர்ந்துகொள்வதிலும், திருமணத்திலும், இறையழைத்தலிலும் நம் இல்லங்களில் இது நிகழாமல் இல்லை.

அந்த ஓராண்டில் தாமஸ் கற்பதை விடவில்லை. விவிலியத்தையும் பீட்டர் லொம்பார்டின் இறையியல் தொகுப்பையும் அவர் அங்கே கற்றார் என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. அவருடைய மனத்தை மாற்ற வந்த தமக்கை மரோத்தா, தம்பியோடு பேசிப் பேசித் தாமே துறவற வாழ்வைத் தழுவினார். பின்னர் கப்புவா நகரில் ஒரு கன்னியர் மடத்தின் தலைவியானார். நேப்பிள்சுத் துறவியரும் தாமஸைக் கைவிடவில்லை. 1245-இல் அவர் விடுதலை பெற்றதும் சபை அவரை ஏற்றுக்கொண்டு மேற்படிப்புக்கு அனுப்பியது. 1248-இல் கொலோன் நகரில் புனித பெரிய ஆல்பர்ட்டின் மாணவராக அமர்ந்தார். அதிகம் பேசாத அவரை உடன்பயின்றோர் 'ஊமை எருது' என்று கேலி செய்ததாக மரபு உண்டு. அந்த மௌனத்துக்குள் இருந்த அறிவை ஆசிரியர் கண்டுகொண்டார்.

உறைவிடம், உணவு, நூல், கண்டறியும் ஆசிரியர் ஆகிய நான்கும் கிடைத்ததால்தான் வீட்டை இழந்த மாணவர் கல்வியை இழக்கவில்லை. இந்தத் தேவையை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர். 1180-இல் எருசலேமிலிருந்து திரும்பிய இலண்டன்காரர் ஒருவர், பாரிஸ் மருத்துவ இல்லத்தில் ஏழை மாணவர் பதினெண்மர் தங்கிய அறையை விலைக்கு வாங்கி, அவர்களுக்கே நிலையாக உரிமையாக்கினார். கைம்மாறாக, அங்கு இறந்தோரின் உடலுக்கு முன்னே சிலுவையும் தீர்த்தமும் ஏந்திச் செல்வது அம்மாணவர்களின் கடமை. 1257 அளவில் இராபர்ட் சோர்போன் என்ற குருவானவர் ஏழை இறையியல் மாணவர்களுக்காக ஓர் இல்லம் நிறுவினார். பாரிஸ் பல்கலைக்கழகமே பின்னாளில் அவர் பெயரால் அழைக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஆதரவு தந்தவர்கள் தாமஸைக் குடும்பத்துக்குப் பகைவராக்கவில்லை. 1272-இல் தம் சகோதரியின் கணவர் இறந்தபோது, அவருடைய விருப்ப ஆவணத்தை நிறைவேற்றும் பொறுப்பைத் தாமஸ் ஏற்றார். 1274-இல் லியோன் பொதுச்சங்கத்துக்குச் செல்லும் வழியில் நோயுற்றபோது, மாயென்சா கோட்டையில் உடன்பிறந்தார் மகளின் வீட்டில்தான் தங்கினார். அங்கிருந்து பொஸ்ஸனோவா மடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, மார்ச் 7-ஆம் நாள் இறையடி சேர்ந்தார். ஒரு காலத்தில் அவரைப் பூட்டி வைத்த குடும்பமே இறுதியில் அவருக்குக் கதவு திறந்தது. முப்பது ஆண்டுகள் ஆயின. ஆனாலும் உறவு மீண்டது.

எல்லாருக்கும் அப்படி மீளும் என்று கூற இயலாது. அடியும் அவமதிப்பும் நிறைந்த வீட்டுக்குத் திரும்பு என்று ஒரு பிள்ளையை வற்புறுத்துவது அறமாகாது. ஆயினும் அந்தப் பிள்ளையின் படிப்பு நடந்தாக வேண்டும். இன்றும் கல்விக் கடன் கேட்டால் வங்கிகள் பொதுவாகப் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்கின்றன. இங்கிலாந்தில் 25 வயதுக்கு உட்பட்ட மாணவர் பெறும் வாழ்க்கைச் செலவுக் கடன் பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்தது. ஆயினும் உறவு முற்றிலும் முறிந்தது என்று சான்று காட்டுவோருக்கு விதிவிலக்கு உண்டு. குடும்பம் இல்லாத மாணவரும் உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

பங்கு மக்களாகிய நாமும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். விடுமுறைக்கு விடுதி மூடப்படும்போது போக்கிடம் இல்லாத மாணவர் நம் ஊரிலும் இருக்கலாம். கிறிஸ்மஸ் இரவில் எல்லாரும் ஊருக்குப் போன பின் தனித்திருப்பவரும் இருக்கலாம். காரணம் கேட்டுத் தீர்ப்பு வழங்குமுன் ஒரு வேளை உணவு கொடுக்கலாம். தேர்வுக் கட்டணம் செலுத்தலாம். ஓர் அறையைக் குறைந்த வாடகைக்கு விடலாம். பெற்றோர் மனம் இளகும் நாளில் தூது செல்லவும் ஆயத்தமாக இருக்கலாம். ஆண்டுதோறும் சனவரி 28-இல் புனித தாமஸ் அக்குவினாரின் திருநாளைக் கொண்டாடும் நாம், அத்தகைய ஒருவரையேனும் அன்று நம் பந்தியில் அமர்த்துவோமாக.