ஆட்டிசத்தோடு வரும் இணைநோய்கள்: 'அது அப்படித்தான்' என்று விட்டுவிடலாமா?

ராத்திரி முழுக்கத் தூங்காத குழந்தை திடீரென்று தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறது. 'ஆட்டிசம் இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்' என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் உண்மைக் காரணம் பல்வலியாகவோ மலச்சிக்கலாகவோ இருக்கலாம். வலியை வாய்விட்டுச் சொல்ல முடியாத குழந்தை, அதை நடத்தையில்தான் காட்டும்.

எத்தனை பேருக்கு வருகிறது?

பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழ் வெளியிட்ட கணக்கின்படி, ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார்:

- ஏடிஹெச்டி: 28%
- பதற்றக் கோளாறு: 20%
- தூக்கக் கோளாறு: 13%
- மனச்சோர்வு: 11%

ஒருவருக்கே இரண்டு, மூன்று இருக்கலாம். அதனால் இந்த எண்களைக் கூட்டிப் பார்க்கக் கூடாது.

வலிப்பும் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். சின்ன வயதில் வராதவர்களுக்குப் பதின்பருவத்தில் முதல்முறையாக வரலாம். கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்றில்லை. கூப்பிட்டாலும் திரும்பாமல் சில நொடிகள் வெறித்துப் பார்ப்பதும் வலிப்பாக இருக்கலாம். மொபைலில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்க.

ஏன் கவனிக்காமல் போகிறது?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டில் 2013 வரை ஒரு விதி இருந்தது: ஆட்டிசம் இருப்பவருக்கு ஏடிஹெச்டி-யும் இருப்பதாகச் சொல்லக் கூடாது. ஐந்தாம் பதிப்புதான் அதை மாற்றியது. அதற்கு முன்பு பரிசோதிக்கப்பட்டவர்கள் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

திருவனந்தபுரத்தில் எங்கே போகலாம்?

- வளர்ச்சி மதிப்பீட்டுக்கு: மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள சைல்ட் டெவலப்மென்ட் சென்டர்
- பேச்சு, செவித்திறனுக்கு: ஆக்குளத்தில் உள்ள நிஷ்
- வலிப்புக்கு: தனி மையமே வைத்திருக்கும் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம்

மூன்று இடம், மூன்று ரிப்போர்ட். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, போகும் இடத்துக்கெல்லாம் கொண்டுபோங்க.

செலவுக்கு?

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபிக்கும் இதில் இடம் உண்டு.

ஆட்டிசத்தை மாத்திரையால் மாற்ற முடியாது. ஆனால் பல்வலிக்கும் மலச்சிக்கலுக்கும் வலிப்புக்கும் வைத்தியம் இருக்கிறது. நடத்தை திடீரென்று மாறினால், முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: 'இவனுக்கு உடம்புல வேற ஏதாவது பண்ணுதா?'