வரலாறு யாருடையது?



வரலாறு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? பரமேஸ்வரா மலாக்காவை ஆண்டது, 1511-இல் போர்த்துகீசியர் அதைப் பிடித்தது, 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றது. பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆனால், விடியுமுன் பெரட்டுக் களத்தில் வந்து நின்றாரே நம்ம பாட்டி, அவர் பெயர் அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா? இல்லையே!

இந்தக் கேள்வியைப் பெரிய அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள். 1963-இல் இ. பி. தாம்சன் என்பவர் இங்கிலாந்துத் தொழிலாளர்களின் வரலாற்றை நூலாக எழுதினார். 1982 முதல் ரணஜித் குகாவும் அவருடன் சேர்ந்தவர்களும் இந்திய வரலாற்றை அடித்தட்டு மக்களின் பக்கமிருந்து எழுதத் தொடங்கினார்கள். “வாய்ப்பேச்சை எப்படி ஐயா நம்புவது? வயசானவர்களுக்கு ஞாபகம் மாறாதா?” என்று சிலர் எதிர்த்துக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அரசாங்கக் கோப்பு மட்டும் என்ன? அதுவும் ஒரு மனிதர் எழுதியதுதானே! துரை எழுதியது துரையின் பக்கம். தொழிலாளி சொல்வது தொழிலாளியின் பக்கம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை துலங்கும்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம்ம சுங்கை பூலோவிலேயே இருக்கிறது. 1930-இல் இங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. டாக்டர் டிராவர்ஸ் என்பவரின் முயற்சி அது. சிறுசிறு வீடுகளும் தோட்டங்களுமாக ஒரு கிராமம் போலவே அமைத்தார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பல இனத்தவரும் அங்கே வாழ்ந்தார்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் உள்ளேயே இருந்தன. உள்ளே மட்டும் செல்லும் தனி நோட்டுகூட இருந்தது. ஆனால் வெளியே போக அனுமதி இல்லை. சட்டம் அவர்களைப் பிரித்தே வைத்தது. அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றவர்களோடு வளரவும் முடியவில்லை. அந்தத் தாய்மார்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்!

பின்னாளில் நல்ல மருந்து வந்தது, நோய் குணமானது. பலர் அங்கேயே தங்கிப் பூச்செடி வளர்த்துப் பிழைத்தார்கள். 2007-இல் மருத்துவக் கல்லூரி வளாகம் கட்டக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது பெரிய வாதம் எழுந்தது. “நாளைய டாக்டர்களுக்கு இடம் வேண்டாமா?” என்றது ஒரு பக்கம். “இது எங்கள் வாழ்க்கை, இதுவும் நாட்டின் வரலாறுதான்” என்றது மறுபக்கம். பிரிந்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர் பல ஆண்டு கழித்துப் பெற்றோரைத் தேடி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பழைய வீடு வெறும் பலகையும் கூரையுமா? குடியிருந்தவர்களின் நினைவுகளைச் சிலர் கேட்டு எழுதி நூலாக்கினார்கள். 2019-இல் அந்த இடம் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் சேர்ந்தது. ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் பேசினார்கள்; உலகம் காது கொடுத்தது!

இப்போது நம்ம கதைக்கு வருவோம். சுங்கை பூலோ ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொந்தமாயிருந்த இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இன்று குவாசா டாமன்சாரா என்னும் புதுநகராகி வருகிறது. பால்மரம் நின்ற இடத்தில் ரயில் ஓடுகிறது. வளர்ச்சி வேண்டியதுதான்; அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மரத்தோடு சேர்ந்து மனிதர்களின் கதையும் சாய்ந்துவிடலாமா?

மாணவச் செல்வங்களே! இன்று பரிசாக நோட்டுப் புத்தகம் வாங்கினால், அதன் முதல் பக்கத்தைத் தாத்தா பாட்டிக்கு ஒதுக்குங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார்கள், பக்கத்து லயத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தேதியும் போடுங்கள். பெற்றோர்களே, “அதெல்லாம் எதுக்குடா இப்ப?” என்று தட்டிக் கழிக்காதீர்கள். பாட்டாளிப் பெருமக்களே, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். நாம் எழுதாவிட்டால் நமக்காக வேறு யார் எழுதுவார்?