புது மடிக்கணினியில் பற்றரி இறங்குகிறதா, விசிறி இரைகிறதா? பழுது என்று முடிவெடுக்க முன் பார்க்க வேண்டியவை

கடந்த வருடம் முல்லைத்தீவில் ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். 2009 மே மாதத்திலிருந்து மகனைத் தேடிக்கொண்டிருப்பவர். மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று அவர் ஏறி இறங்கிய இடங்களில் கிடைத்த பற்றுச்சீட்டுகளையும் கடிதங்களையும் ஸ்கான் செய்து வைப்பதுதான் நோக்கம். அந்தக் கடதாசிகளை அவர் வீட்டுக்கு வெளியே கொடுப்பதில்லை. சிலவற்றில் ஏற்கெனவே கறையான் பிடித்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறும்போது எனது புது மடிக்கணினியில் 92 சதவீதம் சார்ஜ் இருந்தது. மூடியை மூடிப் பையில் வைத்தேன். மூன்று மணித்தியாலம் கழித்து எடுத்தபோது கணினி கொதித்தது, விசிறி இரைந்துகொண்டிருந்தது, பற்றரி 9 சதவீதம். அன்று அங்கே கரண்டும் இல்லை. "பரவாயில்லைப் பிள்ளை, இன்னொரு நாளைக்குப் பாப்பம்" என்று அவர் கடதாசிகளைத் திரும்பப் பொலித்தீன் பையில் அடுக்கினார்.

கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். பழுது ஒன்றுமில்லை என்றார்கள். புதுக் கணினிகளில் வரும் பற்றரி, விசிறி முறைப்பாடுகளில் பல இப்படித்தான் முடிகின்றன. உண்மையான பழுதை எப்படி வேறுபடுத்துவது என்று அதன்பின் அறிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

மூடியை மூடினால் கணினி நிற்பதில்லை

மூடியை மூடும்போது கணினி "ஸ்லீப்" நிலைக்குத்தான் போகிறது. இப்போதைய விண்டோஸ் கணினிகள் பல அந்த நிலையிலும் இணையத்தைத் தேடும், அப்டேட் இறக்கும். பைக்குள் காற்றோட்டம் இல்லாததால் சூடேறும், விசிறி ஓடும், பற்றரி தீரும். என் கணினிக்கு நடந்தது இதுதான். பயணத்துக்கு முன் "ஷட் டவுன்" செய்து, விளக்குகள் அணைந்த பிறகே பையில் வையுங்கள். கொன்ட்ரோல் பனலில் "பவர் ஒப்ஷன்ஸ்" பகுதியில், மூடியை மூடினால் ஷட் டவுன் ஆகும்படி மாற்றியும் வைக்கலாம்.

சார்ஜ் 60 அல்லது 80 இல் நிற்கிறது

இது பெரும்பாலும் பழுதல்ல. லிதியம் அயன் பற்றரி எந்நேரமும் 100 சதவீதத்தில் இருந்தால் சீக்கிரம் தேயும். அதனால் நிறுவனங்கள் ஒரு எல்லை வைக்கின்றன. லெனோவோவில் இதன் பெயர் "கொன்சர்வேஷன் மோட்". மற்ற நிறுவனங்களும் தங்கள் செயலிகளில் இதுபோன்ற தெரிவைத் தருகின்றன. வீட்டில் செருகியபடி வேலை செய்பவர்கள் அந்த எல்லையை அப்படியே விடலாம். பயணம் இருந்தால், அல்லது மின்வெட்டு அறிவித்திருந்தால், முதல் நாளே அதை நிறுத்தி முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நமக்கு இது தேவைப்படும்.

புதுக் கணினியை முதல்முறை எட்டு மணித்தியாலம் ஏற்றவேண்டும் என்பது பழைய நிக்கல் பற்றரிக் காலத்துப் பழக்கம். இப்போது தேவையில்லை.

சார்ஜே ஏறவில்லை

முதலில் சார்ஜரைப் பாருங்கள். யூ.எஸ்.பி. சி வாயில் போன் சார்ஜரும் பொருந்தும். ஆனால் 65 வோட் கேட்கும் கணினிக்கு 20 வோட் போன் சார்ஜர் போதாது. செருகியிருக்கும்போதே பற்றரி இறங்கும். வட்டமுனைச் சார்ஜர் மாற்றுவதென்றால் வோல்ற் அளவு பழையதோடு ஒத்திருக்கவேண்டும், அம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், முனையும் சரியாகப் பொருந்தவேண்டும்.

சார்ஜர் சரியென்றால், கணினியை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி இயக்குங்கள். பல கணினிகளில் இது சிக்கலைத் தீர்க்கும். கரண்ட் போய்த் திரும்பும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கலாம். அந்த நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவைத்துச் சில நிமிடம் கழித்துச் செருகுவது நல்லது.

பற்றரியின் உண்மை நிலை

விண்டோஸில் "கொமாண்ட் புரொம்ப்ட்" திறந்து, ஆங்கிலத்தில் "பவர்" என்ற சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய எழுத்துகளைச் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடு போட்டு, "பற்றரி ரிப்போர்ட்" என்பதை ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஒரு அறிக்கை உருவாகும். அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதைத் திரையே காட்டும்.

அதில் "டிசைன் கப்பாசிற்றி", "புல் சார்ஜ் கப்பாசிற்றி" என்ற இரண்டையும் ஒப்பிடுங்கள். புதுக் கணினியில் இவை ஏறத்தாழச் சமமாக இருக்கும். முதலாவது 50,000 ஆகவும் இரண்டாவது 35,000 ஆகவும் இருந்தால் பற்றரி தேய்ந்திருக்கிறது. "சைக்கிள் கவுண்ட்" என்பது பற்றரி முழுதாகப் பாவிக்கப்பட்ட தடவைகள். புதிது என்று விற்ற கணினியில் அது 200 என்று காட்டினால் அது பாவித்த கணினி. சில மாடல்களில் இந்த எண் வராது.

விசிறி இரைச்சல்

புதுக் கணினியில் முதல் ஓரிரு நாட்கள் விசிறி அதிகம் ஓடுவது வழமை. அப்டேட்கள் இறங்குகின்றன, கோப்புகள் அட்டவணைப்படுத்தப்படுகின்றன. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் வரும் "டாஸ்க் மனேஜர்" எது செயலியை விழுங்குகிறது என்று காட்டும். வாரக்கணக்கில் அதே நிரல் மேலே நின்றால் அதை நீக்கலாமா என்று பாருங்கள்.

காற்றுத்துளைகள் பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில் இருக்கும். மெத்தை, தலையணை, மடி எல்லாம் அவற்றை அடைக்கும். மேசையில் வைத்து, பின்பக்கம் சிறிது உயர்த்தினால் சூடு குறையும். வன்னியின் செம்மண் தூசுக்கு, பாவிக்காத நேரம் ஒரு துணியால் மூடுங்கள், ஓடும்போது மூடாதீர்கள்.

காற்று இரைவது பழுதல்ல. உரசல், கடகட சத்தம், விசிறி ஓடாமலே கணினி கொதித்து அணைந்துபோவது ஆகியவை பழுது. கழற்றாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். திறந்தால் சில இடங்களில் உத்தரவாதம் போய்விடும். லேசான வேலையில் விசிறி சுழலாமல் இருப்பது சாதாரணம். 2020 முதல் வரும் அப்பிளின் எம் வரிசை மக்புக் எயாரில் விசிறியே இல்லை.

பற்றரி ஊதினால்

டச்பாட் மேலெழும்பினால், மூடி சரியாக மூடாவிட்டால், அடிப்பக்கம் புடைத்தால் உடனே நிறுத்துங்கள். சார்ஜ் ஏற்றவேண்டாம், அழுத்தவேண்டாம், குத்தவேண்டாம். அது தீப்பிடிக்கும். கழற்றிய பற்றரியை முற்றத்துக் குப்பையோடு எரிக்காமல் திருத்துநரிடமே ஒப்படையுங்கள்.

கடைக்குக் கொடுக்க முன்

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய கணினியா? உத்தரவாதம் சிலவற்றில் வாங்கிய நாட்டுக்கு மட்டும், சிலவற்றில் சர்வதேச அளவில். தொடர் இலக்கத்தை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். இங்கே வாங்கியதென்றால் பற்றுச்சீட்டைப் படமெடுத்து வையுங்கள். கடை உத்தரவாதத்தை மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம்.

அடுத்தது எங்களுக்கு இன்னும் முக்கியம். கணினியில் காணாமலாக்கப்பட்டவர்களின் ஆவணங்கள், வாக்குமூலங்கள், பெயர் விபரங்கள் இருந்தால், வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதியெடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்து, அதன்பின் கணினியிலிருந்து நீக்கிவிட்டே கொடுங்கள். அழித்த கோப்பை மீட்கவும் வழியுண்டு என்பதால், அத்தகைய கோப்புகளை முதலிலிருந்தே வெளி டிஸ்கில் வைப்பது இன்னும் நல்லது. விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் தகவல்கள் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்ட் மாற்றினால், சிலவேளை பயோஸ் அப்டேட் செய்தால்கூட, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாவிட்டால் கோப்புகள் போனதுதான். மைக்ரோசொப்ட் கணக்கில் அதைத் தேடி, கடதாசியில் எழுதி வையுங்கள்.

இரண்டு கிழமை கழித்து அந்த அம்மாவிடம் திரும்பப் போனேன், கணினியை அணைத்து, முழுச் சார்ஜோடு. எல்லாக் கடதாசிகளையும் ஸ்கான் செய்து முடித்தபோது பற்றரியில் 40 சதவீதம் மிச்சமிருந்தது. ஒரு பிரதியை அவருடைய மகளின் பென் டிரைவிலும் போட்டுக்கொடுத்தேன்.